கொல்லிமலை வேளாண்மையும் திருச்சபை கற்க வேண்டிய பாடமும்

1. முன்னுரை

1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் அனைத்துலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு கூடியது. அம்மாநாட்டைக் குறித்துப் பேசும்போது ஹென்றிக் கிரேமரின் நூலையும், பிற சமயங்களைப் பற்றி அதனால் எழுந்த விவாதத்தையுமே நம் இறையியல் மாணவர்கள் நினைவுகூருகின்றனர். ஆனால் அதே மாநாடு திருச்சபையின் பொருளாதார அடிப்படையையும் ஆராய்ந்தது. ஜே. மெர்ல் டேவிஸ் உருவாக்கிய ஆய்வுத் தொகுதியொன்று மாநாட்டு வரிசையில் 1939ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் மக்களில் பெரும்பாலோர் உழவர். அவர்களுடைய நிலத்தையும் கடனையும் விளைச்சலையும் அறியாமல் அவர்களது திருச்சபையை அறிய இயலாது என்னும் உணர்வு அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது.

இவ்வுணர்வு தாம்பரத்தில் திடீரெனத் தோன்றியதன்று. சாம் ஹிகின்பாட்டம் 1910ஆம் ஆண்டு அலகாபாத்தில் வேளாண்மைக் கல்லூரியைத் தொடங்கினார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலியவற்றைக் கற்பிக்கும் ஊரக நிலையத்தை நடத்தினார். கென்யன் பட்டர்ஃபீல்டு 1929-30இல் இந்தியாவெங்கும் சுற்றிப் பார்த்து, கிராமத் திருப்பணியைப் பற்றிய தம் நூலை 1930இல் வெளியிட்டார். இவர்கள் அனைவரும் வெவ்வேறு வழிகளில் கேட்ட வினா ஒன்றே: உழவனுக்குத் திருச்சபை எதைக் கற்றுக்கொடுக்கலாம்?

இவ்வினா நல்லது, அதனால் விளைந்த நன்மைகளும் பல. ஆயினும் இதற்கு இணையான மற்றொரு வினா உண்டு. உழவனிடமிருந்து திருச்சபை எதைக் கற்கலாம்? இவ்வினாவை நம் வரலாற்றாசிரியர்கள் அரிதாகவே எழுப்பியுள்ளனர். தமிழகத்தின் மலையொன்றில் இவ்விரண்டு வினாக்களும் ஒரே குடும்பத்தின் வரலாற்றில் சந்தித்தன. அம்மலை கொல்லிமலை, அக்குடும்பம் பிராண்டு குடும்பம். அம்மலையின் சிறுநில வேளாண்மையையும் அதனைச் சார்ந்த திருப்பணியையும் ஒருங்கே நோக்கி, அவற்றிலிருந்து இன்றைய ஆயர்களுக்குக் கிடைக்கும் பாடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கொல்லிமலை, முன்னாளில் சேலம் மாவட்டத்திலும் 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்திலும் அடங்கியது. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. அது சமமான மேட்டுநிலமன்று. காடு சூழ்ந்த முகடுகளும் அவற்றினிடையே ஓடைகள் பாயும் பள்ளத்தாக்குகளும் மாறிமாறி அமைந்தது. சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் மலையாகப் பாடப்பெற்றதும், அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அமைந்ததும் இம்மலையே.

இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர். அவர்களது தாய்மொழி தமிழே. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என மலை பல நாடுகளாகப் பிரிந்துள்ளது. இன்று 14 ஊராட்சிகளாக விளங்கும் இப்பிரிவுகளின் பெயர்களில் பழைய நாட்டமைப்பு அப்படியே வாழ்கிறது.

இவர்களுடைய தோற்றத்தைப் பற்றி வழங்கும் செவிவழிக் கதை நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கும். இவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த வேளாளர் என்றும், அவர்களில் மூன்று சகோதரர் அந்நகரை விட்டு நீங்கிச் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் குடியேறினர் என்றும் அக்கதை கூறுகிறது. 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இது பதிவாகியுள்ளது. இதனை மெய்யான வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஒரு மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் கதையில் ஓர் உண்மை அடங்கியிருக்கும். தாங்கள் காட்டில் திரிந்த நாடோடிகளல்லர், ஏரும் விதையும் கொண்டு மலையேறிய உழவர் என்பதே அவர்கள் கொண்டுள்ள எண்ணம். தொண்டைமண்டலத்தில், ஏரி மாவட்டம் எனப் பெயர்பெற்ற செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் நமக்கு, அவர்கள் அக்கதையின்படி பழைய அயலார் ஆகின்றனர்.

3. நிலமும் பயிரும்

கொல்லிமலையின் வேளாண்மை நிலத்தின் சரிவைப் பொறுத்து அமைந்தது. பள்ளத்தாக்கின் அடியில், ஓடையின் இருபுறமும், படிப்படியாக அமைந்த வயல்களில் நெல் விளைந்தது. அதற்கு மேல் ஏர் செல்லக்கூடிய மென்சரிவில் உழவுக்காடு. அதற்கும் மேல், ஏர் செல்ல இயலாத செங்குத்துச் சரிவில், மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் கொத்துக்காடு. இம்மானாவாரி நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களும், அவற்றோடு கடுகும் அவரையும் துவரையும் கலந்து விதைக்கப்பட்டன. வீட்டைச் சுற்றிப் பலாவும் வாழையும் நின்றன.

இக்கலப்பு விதைப்பைச் சமவெளியினர் ஒழுங்கின்மை எனக் கருதியதுண்டு. உண்மையில் அது நுட்பமான ஒழுங்கு. ஒரு பயிர் மழையின்மையால் கெட்டாலும் மற்றொன்று நிற்கும். அவரையும் துவரையும் மண்ணுக்கு உரமூட்டும். ஒன்றை அறுத்தபின் மற்றொன்று நிலத்தை மூடியிருப்பதால் பின்மழை மண்ணை அரிக்காது. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகளை மலைமக்கள் பேணினர். விரைவில் விளைவது ஒன்று, காலம் தாழ்த்தி விளைவது மற்றொன்று. ஏழை மண்ணில் விளைவது ஒன்று, நல்ல மண் வேண்டுவது மற்றொன்று. விதையைத் தொம்பையில் சேமித்து, அடுத்த பருவத்தில் உறவினரிடையே கைமாற்றாகக் கொடுத்து வாங்கினர். விதைக்கென்று சந்தைக்குச் செல்லும் வழக்கம் இல்லை.

இவ்வாழ்வை நாம் அளவுக்கு மீறிப் புகழ்தலும் ஆகாது. மலையில் மலேரியா கொடியதாயிருந்தது. மழை பொய்த்த ஆண்டில் பசி உண்டு. பசி வந்தால் கடன் உண்டு. சாமையை உரலிலிட்டுக் குற்றி உமி நீக்கும் கடும் உழைப்பு முழுவதும் பெண்களின் தோள்மீதே விழுந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்திற்குப் பின் காடுகள் ஒதுக்குக் காடுகளாக வரையறுக்கப்படவே, நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விட்டு வேறிடத்தில் கொத்தும் பழைய வழக்கத்திற்கு இடம் குறுகியது. ஆகவே குறைகளும் இடர்களும் உடைய வேளாண்மையே அது. எனினும் ஒரு செய்தியில் அது தவறவில்லை: மலைமீதுள்ள மண்ணை மலைமீதே நிறுத்திவைத்தது.

4. பிராண்டு தம்பதியரின் திருப்பணி

இம்மலைக்கு 1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்டும் அவருடைய துணைவியார் ஈவ்லினும் வந்து குடியேறினர். ஜெஸ்ஸி 1907இல் இந்தியாவுக்கு வந்து, ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் மலையடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தில் பணியாற்றியவர். தொழிலால் கட்டடம் கட்டுபவர். மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றவர். அக்காலத்தில் மலைக்குச் சாலை இல்லை. திருமணம் முடிந்தவுடன் கொட்டும் மழையில் மலையேறிய அத்தம்பதியர், ஜெஸ்ஸி தம் கையால் மரத்தில் அமைத்த வீட்டில் வாழத் தொடங்கினர்.

அவர்களது மருத்துவப் பணியும் நற்செய்திப் பணியும் பலரால் எழுதப்பட்டுள்ளன. தொடக்க ஆண்டுகளில் மலைமக்கள் மருந்தை ஏற்றனரேயன்றிச் செய்தியை ஏற்க முன்வரவில்லை. முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய இன்ஃப்ளூயன்சா நோயில், அதுவரை அவர்களை எதிர்த்துவந்த கோயில் பூசாரி மரணப் படுக்கையில் விழுந்தார். பிறர் அஞ்சி விலகிய வேளையில் பிராண்டு தம்பதியரே அவரைப் பேணினர். தம் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்து அவர் இறந்தார். இதற்குப் பின்னரே மலையில் ஒரு சிறு சபை உருவாயிற்று.

அச்சபை உருவானதும் எழுந்த வினா நிலத்தைப் பற்றியது. உறவினரால் விலக்கப்பட்டோரும் அநாதைக் குழந்தைகளும் எதைக் கொண்டு வாழ்வது? ஜெஸ்ஸி வாழவந்தியைச் சுற்றிப் பள்ளிகளோடு பண்ணையையும் அமைத்தார். தச்சும் கட்டடத் தொழிலும் கற்பித்தார். ஆரஞ்சு முதலிய பழமரங்களை நட்டார். பட்டுப்புழுவுக்காக முசுக்கட்டைச் செடி பயிரிடச் செய்தார். இவை யாவும் அக்கால மிஷனெரி நடைமுறைக்கு ஒத்தவையே: வெளியிலிருந்து புதிய பயிரும் புதிய தொழிலும் கொணர்ந்து வறியோரின் கையில் சிறிது பணம் சேரச் செய்தல். ஹிகின்பாட்டமும் ஹாட்சும் வேறிடங்களில் செய்ததும் இதுவே.

1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி காலமானார். அப்போது அவருக்கு வயது 44. ஈவ்லின் பிற்பாடு சமவெளியில் பணியாற்றி, 1947ஆம் ஆண்டு மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், ஊருக்குத் திரும்பாமல் மீண்டும் மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாமல் அண்டை மலைகளிலும் மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு திரிந்து பணியாற்றி, 1974ஆம் ஆண்டு டிசம்பரில் 95ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வாழவந்தியில் கணவருடைய கல்லறையின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

5. சேற்றைக் குறித்து ஒரு முதியவர் கற்பித்தது

இதுவரை கூறியது முதல் வினாவின் வரலாறு. இரண்டாம் வினாவின் வரலாறு அவர்களுடைய மகன் பால் பிராண்டைச் சார்ந்தது. 1914ஆம் ஆண்டு பிறந்து, ஒன்பது வயது வரை கொல்லிமலையில் வளர்ந்த பால், பின்னாளில் 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப்புகழ் பெற்றார். இவ்வளவு நாம் அறிந்ததே. ஆனால் 1980களின் நடுவில் அவர் மண்ணைக் குறித்து எழுதிய கட்டுரையொன்று, அவருடைய மருத்துவ நூல்களைவிட நம் நாட்டில் குறைவாகவே அறியப்பட்டுள்ளது.

அக்கட்டுரையில் அவர் தம் மலைச் சிறுபருவத்தை நினைவுகூர்கிறார். ஓடையை ஒட்டிப் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள். ஒவ்வொரு வயலின் விளிம்பிலும் சிறு கரை. அதிலுள்ள மடை வழியாகத் தெளிந்த நீர் அடுத்த வயலுக்கு இறங்குகிறது. சிறுவர்கள் அவ்வயலொன்றில் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கிவிடுகின்றனர். மடைகளைக் காத்துவரும் முதியவர் அங்கு வருகிறார். சிறுவர்கள் அவரைத் தாத்தா என்று அழைக்கும் மரியாதையும் அச்சமும் கொண்டவர்கள். அவர் அடிக்கவில்லை, வையவுமில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன, யாருடையது என வினவுகிறார். பின்னர் அவர்களை மடையருகே அழைத்துச் சென்று, கலங்கிய நீர் கீழ்வயலுக்கு வழிந்தோடுவதைக் காணச் செய்கிறார். ஓடிப்போன சேறு மீண்டும் மேலேறி வராது. தெளிந்த நீர் ஓடும் வரையில் மலைக்கு நலம். நீர் கலங்கினால் மலையின் உயிரே வழிந்தோடுகிறது என்பதே அவர் கற்பித்ததன் சாரம்.

ஈண்டு நாம் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, கற்பித்தவர் எழுத்தறிந்த ஆசிரியரல்லர். மலையில் வாழ்ந்த முதிய உழவர். கற்றவரோ கற்பிக்க வந்தவரின் மகன். இரண்டாவது, அவர் கற்பித்தது பயிர்த்தொழில் நுட்பம் மட்டுமன்று, தலைமுறைக் கணக்கும் ஆகும். அச்சேறு அவருடைய முன்னோர் காலத்திலும் அங்கிருந்தது, பேரர் காலத்திலும் அங்கிருக்க வேண்டும். ஆகவே அது அவருடையதும் அன்று, சிறுவர்களுடையதும் அன்று. மூன்றாவது, மேல்வயலில் நிகழ்வது கீழ்வயலைத் தாக்கும் என்பது அங்கே கண்கூடு. ஒருவர் தம் வயலில் என்ன செய்தாலும் அடுத்தவருக்கு அதில் பங்குண்டு.

பால் பிராண்டு இப்பாடத்தை மறக்கவில்லை. எத்தியோப்பியாவில், காடழிந்து மண் அரிக்கப்பட்ட வயல்களில் உழைத்த ஏழைகளை அவர் கண்டார். 1966ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அருகில் ஓடும் மிசிசிப்பி ஆற்றின் கலங்கிய நீரில் அந்நாட்டின் நடுப்பகுதி வயல்களின் மண் கடலுக்குச் செல்வதைக் கண்டார். ஒவ்வோரிடத்திலும் அவர் பயன்படுத்திய அளவுகோல் கொல்லிமலைத் தாத்தா கொடுத்ததே. பெரும் இயந்திரங்களும் உரங்களும் கொண்ட நாட்டின் வேளாண்மையை, தமிழக மலையொன்றின் மடைகாவலர் கூறிய சொல்லால் அவர் அளந்து பார்த்தார். உழவனிடமிருந்து திருச்சபை எதைக் கற்கலாம் என்னும் வினாவுக்கு நம் மண்ணிலேயே கிடைத்த விடை இது.

6. மரவள்ளியின் வருகை

அத்தாத்தாவின் மலைக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? மலையடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு மலைச்சாலை அமைந்தபின் கொல்லிமலை சந்தையோடு இணைந்தது. சாலையால் மருத்துவமும் கல்வியும் மேலேறின. அதை எவரும் குறைகூற இயலாது. அதே சாலையில் மரவள்ளிக் கிழங்கு லாரிகள் கீழிறங்கத் தொடங்கின.

இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரவு நின்றதால், 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. 1981ஆம் ஆண்டு ஆலை உரிமையாளர்களுக்காகச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பும் தோன்றியது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலையுழவனுக்குப் பணம் வேண்டும். குழந்தையின் பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் சாமையைக் கொண்டு பணம் பெற இயலாது. மரவள்ளியைக் கொண்டு இயலும். நியாய விலைக் கடையில் மலிவாகவும், 2011 முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தது. உண்பதற்குச் சாமை விதைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. உமி நீக்கும் உழைப்பிலிருந்து பெண்களும் விடுதலை பெற்றனர். ஆகவே மரவள்ளிக்கு மாறிய உழவனை அறியாதவன் என்று பழிப்பது அநீதி. அவன் கணக்கறிந்தே மாறினான்.

ஆனால் அக்கணக்கில் சேராத செலவுகள் சில உண்டு. மரவள்ளி பல மாதங்கள் நிலத்தில் நின்று மண்ணின் சத்தை மிகுதியாக உறிஞ்சும். அதைத் தனிப்பயிராக நட்டால் தொடக்க மாதங்களில் மண் மூடப்படாமல் மழைக்கு இலக்காகும். கிழங்கைப் பறிக்கும்போது சரிவின் மண் முழுவதும் கிளறப்படும். அடுத்த மழையில் அது ஓடையை நோக்கி இறங்கும். சாமைத் தாள் மாட்டுக்குத் தீவனமாயிற்று, மாட்டின் எரு மண்ணுக்குத் திரும்பிற்று. மரவள்ளியில் அச்சுழற்சி அறுபடுகிறது. பறித்த கிழங்கு ஓரிரு நாளில் கெடத் தொடங்குவதால், விலை இறங்கினாலும் விற்றே தீர வேண்டும். ஆலையோ கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் பாயின்ட் கணக்கில் அளந்து விலை சொல்கிறது. அளப்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே. இடைத்தரகரிடம் முன்பணம் பெற்றவனுக்குப் பேரம் பேசும் வாய்ப்பும் இல்லை. சாமையைத் தொம்பையில் இட்டுக் காத்திருந்தவனுக்கு இத்தகைய அவசரம் நேர்ந்ததில்லை.

இம்மாற்றத்தைத் தடுக்கவும் ஈடுசெய்யவும் முயற்சிகள் நடந்துள்ளன. 1988ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990கள் முதல் கொல்லிமலையில் சிறுதானிய விதைவகைகளைக் காப்பதில் மலைமக்களோடு இணைந்து உழைத்துவருகிறது. ஊருக்குள்ளேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மகளிர் குழுக்களின் பொறுப்பில் அமைத்தமை அதன் பணிகளுள் குறிப்பிடத்தக்கது. சாமையைக் கைவிடச் செய்த காரணங்களுள் ஒன்று உரலின் சுமை என்பதை உணர்ந்து, மக்களுக்கு அறிவுரை கூறுவதற்கு முன் அச்சுமையை அது இறக்கியது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரக் கடைகளில் சாமைக்கும் தினைக்கும் மதிப்புக் கூடியுள்ளது. அம்மதிப்பில் எவ்வளவு மலையுழவனின் கைக்குச் செல்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

7. இறையியல் நோக்கு

ஆதியாகமம் 2:15இல் மனிதனுக்குத் தோட்டத்தைக் குறித்து இரண்டு கடமைகள் கொடுக்கப்படுகின்றன: அதில் உழைத்தல், அதைக் காத்தல். எபிரேய மூலத்தில் இவை அவாத், ஷாமார் என்னும் வினைகள். இவ்விரு வினைகளும் எண்ணாகமம் 3:7-8இல் ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் ஆற்றும் பணிக்கும் இணைத்தே வழங்கப்படுகின்றன. நிலத்தில் உழைத்துக் காக்கும் செயலையும் திருக்கூடாரத்தில் பணிசெய்து காக்கும் செயலையும் திருமறை ஒரே சொற்களால் குறிப்பது சிந்திக்கத்தக்கது. மடையைக் காத்த அம்மலை முதியவர் திருமறையை அறிந்திலர். ஆயினும் காத்தல் என்னும் வினையின் பொருளை நம்மில் பலரினும் நன்கு அறிந்திருந்தார்.

கிராமத் திருப்பணியின் வரலாற்றில் நாம் முதல் வினையை மிகுதியாகவும் இரண்டாவதைக் குறைவாகவும் வலியுறுத்தினோம். விளைச்சலைப் பெருக்குதல், வருவாயைக் கூட்டுதல், புதுப்பயிரைப் புகுத்துதல் ஆகிய யாவும் உழைத்தலைச் சேர்ந்தவை. பசித்தோர் நடுவில் இவற்றை வலியுறுத்தியது சரியே. ஆனால் காத்தலிலிருந்து பிரிந்த உழைத்தல், முடிவில் மண்ணையும் இழக்கும், உழவனையும் இழக்கும். நிலம் என்றென்றைக்குமாக விற்கப்படலாகாது, அது கடவுளுடையது என்னும் லேவியராகமம் 25:23இன் கட்டளை விற்பனைப் பத்திரத்தைப் பற்றியது மட்டுமன்று. ஒரு தலைமுறையின் தேவைக்காக மண்ணின் வளம் முழுவதையும் கரைத்துவிடுவதும் என்றென்றைக்குமான விற்பனையே. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் அரசன் வன்முறையால் பறித்தான். இன்றைய உழவனின் நிலத்தை அவனது கையில் விட்டுவிட்டே, அதன் வளத்தை மட்டும் சந்தை பறித்துச் செல்லக்கூடும்.

இதனால் திருச்சபை பழமைக்குத் திரும்ப வேண்டும் என்று கூறுவதாகக் கொள்ளலாகாது. மலைப்பெண்களை மீண்டும் உரலடியில் நிறுத்தி நாம் சிறுதானியத்தைப் போற்றுவோமாயின், அது பிறர் முதுகின்மேல் ஏற்றிய சுமையைப் புண்ணியம் என்று அழைப்பதாகும். காக்கும் பொறுப்பை வறியவன் ஒருவனே சுமக்கவும் இயலாது. மேல்வயல் தெளிந்த நீரைத் தருவதற்குக் கீழ்வயலாரும் பங்களிக்க வேண்டும் என்பதே படிவயலின் நீதி.

8. முடிவுரை

கீழ்வயலார் யாவர்? தாம்பரத்திலும் கேளம்பாக்கத்திலும் வாழும் நாமே. ஒரு காலத்தில் வயலும் ஏரியும் உப்பளமுமாக விளங்கிய கேளம்பாக்கம் வட்டாரம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் கணினி நிறுவனங்களாலும் நிறைந்துள்ளது. கோடையில் ஏரியின் வண்டலை வாரி வயலுக்கு இட்டு, ஏரியை ஆழப்படுத்தி, வயலையும் வளப்படுத்திய தொண்டைமண்டல உழவரும், மலை முதியவரின் பாடத்தைத் தம் வழியில் அறிந்தவர்களே. அவ்வறிவுடையோர் இன்றும் நம் சபைகளில், பெரும்பாலும் பின்வரிசையில், முதியவர்களாக அமர்ந்திருக்கின்றனர். அறுப்பின் பண்டிகையில் நாம் ஏலமிடும் பூசணியும் வாழைத்தாரும் கோயம்பேட்டுச் சந்தையில் வாங்கப்பட்டவை. அவற்றை விளைவித்தவர் யார், எத்தகைய மண்ணில், எவ்விலைக்கு என்பதை நாம் அறியோம். அறியாமலே நன்றி செலுத்துகிறோம்.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவர்களும் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, சபையிலுள்ள முதிய உழவரையும் உழவுத் தொழிலாளரையும் சந்தித்து, அவர்கள் அறிந்த நிலம், விதை, நீர் பற்றிய செய்திகளைக் கேட்டு எழுதிவைத்தல். சபை வரலாறு எழுதும்போது ஆலயம் கட்டிய ஆண்டோடு, சபையார் உழுத நிலத்தின் வரலாறும் அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, அறுப்பின் பண்டிகைக்கு வேண்டிய தானியத்தையேனும் இடைத்தரகரின்றி நேரே சிறுநில உழவரிடம், அவர் வாழத்தக்க விலைக்கு வாங்குதல். கொல்லிமலைச் சாமையைக் காணிக்கைப் பீடத்தில் வைப்பது அடையாளமாக மட்டும் நில்லாமல் நீதியாகவும் அமையும்.

மூன்றாவது, கிராமப் பணிக்குச் செல்லும் மாணவர்கள் தங்கள் முதல் ஆண்டைக் கற்பதற்கென்றே ஒதுக்குதல். ஜெஸ்ஸி பிராண்டு மலைக்குக் கொண்டுசென்றவை பல. அவற்றால் பலர் வாழ்ந்தனர். அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் மலையிலிருந்து அக்குடும்பம் பெற்ற ஒரு கைப்பிடிச் சேற்றின் பாடமும் அதே அளவுக்கு நிலைத்து நின்றது. கொடுப்பதற்கு முன் கேட்கத் தெரிந்த ஊழியனுக்கே அத்தகைய பாடம் கிட்டும்.

கொல்லிமலையின் ஓடைகளில் இன்று மழைக்காலத்தில் நீர் தெளிந்து ஓடுகிறதா, கலங்கி ஓடுகிறதா என்பதை அங்கு செல்லும் எவரும் கண்ணால் காணலாம். அதைக் காணும் ஆயர், கலங்கிய நீருக்கு மேல்வயலாரை மட்டும் பொறுப்பாக்காமல், தம் சபையார் உண்ணும் உணவின் விலையையும் சேர்த்து எண்ணிப்பார்ப்பாராக.